எந்த மலை, எந்த உயரம், எந்த ஆண்டு?

1802 ஜூன் 23. ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் இன்றைய எக்வடோரில் இருக்கும் சிம்பொராசோ எரிமலையில் ஏறினார். உச்சியைத் தொட முடியவில்லை. ஆனாலும் அந்தப் பயணங்களில் சேர்த்த குறிப்புகளை வைத்து அவர் உருவாக்கிய ஒரு படம் அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. மலையைக் குறுக்காக வெட்டிக் காட்டியதுபோல, அடிவாரம் தொடங்கி பனிக்கோடு வரை எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று பெயர் பெயராக எழுதிவைத்த படம் அது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2012இல் ஓர் ஆய்வுக் குழு அதே மலைக்குப் போய் அதே செடிகளைத் தேடியது. 2015இல் முடிவு வெளியானது. செடிகள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் உயரம் ஏறிவிட்டன என்றது அந்த ஆய்வு. பூமி சூடாவதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா என்று பலரும் எடுத்துச் சொன்னார்கள். பிறகு 2019இல் இன்னொரு குழு ஹும்போல்டின் பழைய குறிப்பேடுகளையும் உலர்செடித் தொகுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. படத்தின் மேல்பகுதியில் இருந்த செடிகளில் பெரும்பாலானவை சிம்பொராசோவில் பறித்தவையே அல்ல, அந்திசானா என்ற வேறொரு எரிமலையில் பறித்தவை என்று தெரியவந்தது. அந்திசானாவுக்கே போய் அளந்தபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டருக்குள் அடங்கியது. கிட்டத்தட்டப் பாதி.

இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டின. செடிகள் மேலேறியது உண்மை. ஆனால் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இரு மடங்கு மாறியதற்குக் காரணம், தொடக்க அளவு எந்த மலையில் எடுக்கப்பட்டது என்பது தெளிவாக இல்லாததுதான். தன் அளவுகளை 21ஆம் நூற்றாண்டில் ஒருவர் வந்து சரிபார்ப்பார் என்று ஹும்போல்ட் எதிர்பார்த்திருக்க முடியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்று மலைகளில் வேலை செய்யும் நமக்கு அந்தச் சலுகை இல்லை. எந்த மலை, எந்த உயரம், எந்த ஆண்டு, எந்த முறை என்பதைப் பதிவு செய்யாமல் எடுக்கும் அளவு, அடுத்தவருக்குப் பயன்படாமல் போகும்.

மலைப் பகுதிகளின் வளங்குன்றா வளர்ச்சி பற்றிய ஆய்வுகளை ஒருங்கிணைக்க வேண்டும் என்று ஐ.நா. ஆவணங்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கேட்பதற்கு அலுவலக வேலை போல இருக்கும்: கூட்டம், அறிக்கை, குழு. நான் சொல்ல வருவது, மலைகளைப் பொறுத்தவரை இந்த ஒருங்கிணைப்பை ஆய்விலிருந்து பிரிக்கவே முடியாது என்பதுதான்.

சமவெளியில் ஒரு வானிலை நிலையம் தன்னைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குப் பொறுப்பாகப் பேச முடியும். மலையில் அப்படி முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குறைகிறது. காலை வெயில் படும் சரிவும் நிழல் சரிவும் அடுத்தடுத்து இருந்தாலும் மண், ஈரம், பயிர் எல்லாமே வேறு. மலைமுகட்டின் ஒரு பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் வறண்டு கிடக்கும். இதனால் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்த முடிவை அடுத்த பள்ளத்தாக்குக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. ஒரே விதமாக அளந்த பல இடங்களை ஒப்பிட்டால்தான் எது அந்த இடத்துக்கே உரியது, எது மலைகளுக்கெல்லாம் பொதுவானது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஒப்பிட முடியாத எண்களை நம்பிக் கொள்கை வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இமயமலையே சாட்சி. 1970களில் ஒரு கதை உலகமெங்கும் பரவியிருந்தது. மலையில் மக்கள்தொகை பெருகுகிறது, விறகுக்கும் விளைநிலத்துக்கும் காட்டை வெட்டுகிறார்கள், மண் அரித்துப் போகிறது, அந்த மண்தான் கங்கைச் சமவெளியிலும் வங்கதேசத்திலும் வெள்ளமாக வந்து சேர்கிறது என்று. கேட்கவே ஒழுங்காக இருந்தது கதை. குற்றவாளியும் கிடைத்துவிட்டார்: மலை விவசாயி. நேபாளத்தில் இன்னும் ஓரிரு பத்தாண்டுகளில் மக்கள் எளிதில் போய்ச்சேரும் தூரத்தில் காடே இருக்காது என்று வளர்ச்சி நிறுவனங்கள் எச்சரித்தன.

1980களின் நடுவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். இமயமலையில் ஒருவர் ஓர் ஆண்டில் எவ்வளவு விறகு எரிக்கிறார் என்பதற்குப் பல்வேறு ஆய்வுகள் கொடுத்திருந்த மதிப்பீடுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே 67 மடங்கு வித்தியாசம். ஒரு முனையை நம்பினால் மலைகள் மொட்டையாவது உறுதி. மறுமுனையை நம்பினால் பிரச்சினையே இல்லை. இந்த எண்களை வைத்துத்தான் திட்டங்கள் தீட்டப்பட்டிருந்தன. புவியியலாளர்கள் ஜாக் ஐவ்ஸும் புரூனோ மெசர்லியும் 1989இல் இந்தக் கதையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். இளமையான, செங்குத்தான மலைகளில் நிலநடுக்கமும் பெருமழையும் இயல்பாகவே ஏராளமான மண்ணைக் கீழே கொண்டுவருகின்றன. சமவெளி வெள்ளத்துக்குச் சமவெளியில் பெய்யும் மழையே பெரும் காரணம். மலை விவசாயியின் பங்கு கதையில் சொன்ன அளவுக்கு இல்லவே இல்லை.

அப்புறம் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. குற்றவாளி என்று காட்டப்பட்ட அதே மக்களிடம் நேபாள அரசு காடுகளை ஒப்படைத்தது. 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் சமுதாயக் காட்டுக் குழுக்களுக்கு நிர்வாக உரிமையும் வருமானமும் கொடுத்தது. நாசா நிதியுதவியோடு செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின்படி 1992க்கும் 2016க்கும் இடையே நேபாளத்தின் காட்டுப் பரப்பு நிலப்பரப்பில் 26 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக உயர்ந்தது. ஊர்களை விட்டு மக்கள் வேலை தேடிப் போனதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் தவறான எண் ஒன்று ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் எவ்வளவு காலம் பழி சுமத்தி வைத்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

மலை என்றால் எது?

தமிழில் குன்று வேறு, மலை வேறு. எங்கே குன்று முடிந்து மலை தொடங்குகிறது என்று கேட்டால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆய்வாளர்கள் அப்படிப் போக முடியாது. உயரத்தை மட்டும் வைத்தால் திபெத் போன்ற உயர்ந்த சமதளம் முழுக்க மலையாகிவிடும். சரிவை மட்டும் வைத்தால் கடலோரக் குன்றுகளும் சேர்ந்துவிடும். 2000ஆம் ஆண்டிலிருந்து உயரம், சரிவு, ஏற்ற இறக்கம் மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து பல வரையறைகள் வந்துவிட்டன. கண்டிப்பான வரையறைப்படி உலக நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதம்தான் மலை. தளர்வான வரையறைப்படி 30 சதவீதம்.

இதில் என்ன வந்தது என்று தோன்றலாம். மக்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். 2015ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் எத்தனை பேர் மலைகளில் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு, எந்த வரையறையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 35 கோடிக்கும் குறைவிலிருந்து 220 கோடிக்கு மேல் வரை விடை வருகிறது. மலை மக்களின் வறுமை, உணவுப் பற்றாக்குறை, இடப்பெயர்வு என்று எந்தப் புள்ளிவிவரம் பேசினாலும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. எல்லோரும் ஒரே வரையறைக்கு வந்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பனியைப் படிப்பவருக்கும் ஊர்களைப் படிப்பவருக்கும் தேவை வேறு. எந்த வரையறை என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டால் போதும், மற்றவர் மாற்றிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சின்ன ஒழுக்கத்தைக் கொண்டுவரவே ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்யும் அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோவின் மனிதனும் உயிர்க்கோளமும் திட்டத்தில் 1973லேயே மலைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. 1983இல் காத்மாண்டுவில் ஈசிமோட் என்ற ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் தொடங்கியது. ஆப்கானிஸ்தான் முதல் மியான்மர் வரை எட்டு நாடுகள் அதில் உறுப்பினர்கள். 1992 ரியோ மாநாட்டின் செயல்திட்டத்தில் 13ஆம் அத்தியாயம் மலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் மெசர்லியும் ஐவ்ஸும் உண்டு. 2001இல் ஸ்விட்சர்லாந்தில் மலை ஆராய்ச்சி முன்னெடுப்பு என்ற அமைப்பு உருவானது. பெர்ன் நகரிலிருந்து இயங்கும் இது, ஆய்வாளர்களை ஒன்றுசேர்ப்பதையே முதன்மை வேலையாகக் கொண்டது. 2002ஐ ஐ.நா. மலைகளின் ஆண்டாகக் கொண்டாடியது, அதே ஆண்டில் மலைக் கூட்டாண்மை உருவானது. ஆல்ப்ஸுக்கு 1991 முதலும் கார்பாத்திய மலைகளுக்கு 2003 முதலும் பன்னாட்டு உடன்படிக்கைகள் உண்டு. ஆண்டிஸ் நாடுகளுக்கு கோண்டெசான் என்ற அமைப்பு இருக்கிறது.

இவற்றில் எதுவும் பெரிய பணம் புழங்கும் இடம் அல்ல. பெர்ன் அலுவலகத்தில் வேலை செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உயரம் கூடக் கூட வெப்பமாதலும் வேகமாகிறதா என்ற கேள்வியில் பல நாட்டு ஆய்வாளர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, 2015இல் ஒரு முக்கியமான தொகுப்பாய்வு வரச் செய்தது இந்தச் சின்ன அமைப்புதான். ஆம், பல மலைகளில் அப்படி நடக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல உயரத்தில் போதிய நிலையங்கள் இல்லை என்பது அதன் சாரம். பனி உருகினால் வெளிறிய தரை கருந்தரையாகிறது, வெயிலை அதிகம் வாங்குகிறது என்பது காரணங்களில் ஒன்று. காலநிலை மாற்ற அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் வெளியிட்ட சிறப்பறிக்கையின்படி மேற்கு வட அமெரிக்கா, ஆல்ப்ஸ், ஆசிய உயர்மலைகள் ஆகியவற்றில் பத்தாண்டுக்குச் சுமார் 0.3 டிகிரி வெப்பம் கூடி வருகிறது. உலகச் சராசரி 0.2.

நான்கு உச்சிகள், ஒரு கையேடு

ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது குளோரியா என்ற திட்டத்தை. வியன்னாவில் தாவரவியலாளர் கியோர்க் கிராப்ஹெர் தலைமையில் உருவான இது, 2001இல் ஐரோப்பாவின் 18 மலைப் பகுதிகளில் முதல் அளவீட்டை நடத்தியது. இன்று ஆறு கண்டங்களில் பரவியிருக்கிறது.

செய்முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் மரக்கோட்டிலிருந்து, அதாவது மரங்கள் வளரும் உயரத்தின் எல்லையிலிருந்து, மேலே வெவ்வேறு உயரத்தில் நான்கு உச்சிகளைத் தேர்வு செய்ய வேண்டும். ஒவ்வோர் உச்சியிலும், முகட்டிலிருந்து 5 மீட்டர் கீழே, நான்கு திசைகளிலும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சதுரம். அதன் நான்கு மூலைகளிலும் ஒரு சதுர மீட்டர் கட்டங்கள். ஆக, ஓர் உச்சிக்கு 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் செடி, எவ்வளவு பரப்பு என்று எழுத வேண்டும். மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றைப் புதைக்க வேண்டும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிப் போய் அதே கட்டத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கட்டடம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். செடிகளை இனம் காணத் தெரிந்தவர்களும் நல்ல முழங்கால்களும் வேண்டும்.

ஏன் உச்சி? சரிவில் இருக்கும் செடிக்கு மேலிருந்து நிழல் விழும், மண் சரிந்து வரும், ஆடுமாடு வரும். உச்சியில் இந்தக் குழப்பங்கள் குறைவு. மேலும் உச்சியில் வாழும் செடிக்கு இன்னும் மேலே போக இடமில்லை.

2001இல் அளந்த உச்சிகளை 2008இல் மறுபடி அளந்தார்கள். 60 உச்சிகள், 867 கட்டங்கள். வெப்பத்தை விரும்பும் செடிகளின் பங்கு கூடியும் குளிரை விரும்புபவை குறைந்தும் வருவது கண்டம் முழுவதும் தெரிந்தது. ஏழே ஆண்டில். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. ஐரோப்பாவின் வட, நடு மலைகளில் உச்சிக்கு வரும் இனங்களின் எண்ணிக்கை கூடியது. மத்தியதரைக் கடல் பக்கத்து மலைகளில் அது கூடவில்லை, பல இடங்களில் குறைந்தது. அங்கே வெப்பத்தோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் வழியில் அளந்திருந்தால், இந்த வேறுபாடு மலைகளுடையதா, அளந்தவர்களுடையதா என்று சொல்லவே முடிந்திருக்காது.

பனியாறுகளுக்கும் இப்படி ஒரு பழைய மரபு உண்டு. 1894இல் சூரிச்சில் கூடிய பன்னாட்டு நிலவியல் பேராயத்தில் பன்னாட்டுப் பனியாற்று ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். இன்று சூரிச்சிலிருந்து இயங்கும் உலகப் பனியாறு கண்காணிப்புச் சேவை அதன் வாரிசு. சுவீடனின் ஸ்டோர்கிளாசியாரென் பனியாற்றில் 1940களின் நடுவிலிருந்து இன்றுவரை பனியின் வரவு செலவு இடைவிடாமல் அளக்கப்படுகிறது. இப்படி நீண்ட பதிவுள்ள பனியாறுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான். உலகிலேயே அதிகம் பேர் நம்பியிருக்கும் ஆசிய உயர்மலைகளில் அவை மிகக் குறைவு.

அந்த வெற்றிடத்துக்கு ஒருமுறை பெரிய விலை கொடுக்க வேண்டிவந்தது. 2007இல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கையின் ஒரு பத்தியில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிட மிகவும் வாய்ப்பிருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தது. முறையாக மதிப்பாய்வு செய்யப்படாத வெளியீட்டிலிருந்து வந்த வரி அது. 2010 ஜனவரியில் அந்த அமைப்பு தவறை ஒப்புக்கொண்டது. அறிக்கையின் மற்ற ஆயிரக்கணக்கான பக்கங்கள் மீதும் சந்தேகத்தைக் கிளப்ப அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்தப் பகுதியிலேயே வேலை செய்யும் ஆய்வாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய மதிப்பீடு அன்று இருந்திருந்தால் இந்த வரி அச்சேறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படி ஒரு மதிப்பீடு 2019இல் வந்தது. ஈசிமோட் ஒருங்கிணைப்பில் 350க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து எழுதியது. இந்துகுஷ் இமயமலைகளில் 24 கோடிப் பேரும் அவற்றின் ஆற்றுப்படுகைகளில் 165 கோடிப் பேரும் வாழ்கிறார்கள், உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நின்றாலும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், உமிழ்வு இப்படியே போனால் மூன்றில் இரு பங்கு போய்விடும் என்று சொன்னது. 2035 என்ற எண்ணைப் போல இது தலைப்புச் செய்தியாகத் திடுக்கிட வைக்கவில்லை. ஆனால் இதை யாரும் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை.

பனியாறு மட்டுமா மலை?

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மலை ஆய்வு என்றாலே பனியாற்றைத் தேடி ஓடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. படம் அழகாக வரும், செய்தி எளிதில் புரியும். ஆனால் இமயத்தின் நடுமலைகளில் வாழும் பெரும்பாலானோர் குடிப்பது பனியாற்று நீரை அல்ல, சுனை நீரை. ஆறு எங்கோ பள்ளத்தின் அடியில் ஓடும், ஊர் மேலே சரிவில் இருக்கும். இந்தியாவின் நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய இமயப் பகுதியில் சுமார் 30 லட்சம் சுனைகள் இருப்பதாகவும் அவற்றில் பாதியளவு வற்றியோ மழைக்காலத்தில் மட்டும் சுரப்பவையாக மாறியோ வருவதாகவும் சொன்னது.

சுனையைப் புரிந்துகொள்ளத் தண்ணீர் படித்தவர் மட்டும் போதாது. மழை விழுவது ஒரு சரிவில், பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் போக்கில் நீர் நகர்ந்து வெளியே வருவது மறு சரிவில் என்று அடிக்கடி நடக்கும். அதாவது ஓர் ஊரின் சுனைக்கு நீர் வார்க்கும் நிலம் வேறு ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம். பாறை தெரிந்தவர், காடு தெரிந்தவர், நிலவுரிமையும் ஊர் வழக்கும் தெரிந்தவர், அந்தச் சுனையில் நாற்பது ஆண்டுகள் குடம் நிறைத்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துதான் எங்கே குழி வெட்டி மழைநீரை இறக்குவது என்று முடிவு செய்ய முடியும். சிக்கிம் 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம் இந்த வழியில் போனது. குன்றின் மேற்பகுதியில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டி மழைநீரை உள்ளே இறக்கியதில் வற்றிய சுனைகள் பல மீண்டும் சுரந்தன.

ஆண்டிஸில் இதே நோக்கம் இன்னும் திட்டமிட்ட வடிவம் எடுத்திருக்கிறது. எக்வடோர், பெரு, பொலிவியா நாடுகளின் உயர்மலைச் சிற்றோடைகளில் நீரை அளக்க 2009இல் ஒரு கூட்டு வலையமைப்பு உருவானது. இமியா என்று பெயர். பல்கலைக்கழகங்களும் ஊர்ச் சமூகங்களும் தொண்டு நிறுவனங்களும் இதில் பங்காளிகள். முறை எளிது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன நீர்பிடிப்புகளை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று இயல்பான புல்வெளி, மற்றது மேய்ச்சலுக்கோ உழவுக்கோ மரம் நடவோ மாற்றப்பட்டது. மழை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வெளியே வரும் நீரில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார்கள். 2018இல் 28 நீர்பிடிப்புகளின் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இதிலிருந்து வந்த பாடங்களில் ஒன்று நம் பழைய நம்பிக்கையை அசைக்கிறது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறோம். ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்துவைக்கும் ஆண்டிஸ் உயர்புல்வெளியில் வெளியூர் பைன் மரங்களை நட்டபோது ஓடைக்கு வரும் நீர் கணிசமாகக் குறைந்தது. நல்லெண்ணத்தோடு, நிதியோடு, கொடியசைத்துத் தொடங்கிய வேலை தண்ணீரைக் குடித்துவிட்டது. பக்கத்தில் ஒப்பிட ஒரு நீர்பிடிப்பை வைத்திராவிட்டால் பழியை மழையின் மேல் போட்டிருப்பார்கள்.

அதே பெருவில், லிமாவுக்கு மேலே உள்ள வாமன்தாங்கா என்ற ஊரில், இன்காக்களுக்கும் முந்தைய கால்வாய்கள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. மழைக்கால ஓடை நீரை இந்தக் கால்வாய்கள் மலைச்சரிவுகளில் இறக்கிவிடும். அது பாறைக்குள் மெல்ல நகர்ந்து, கோடையில் கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிவரும். ஆய்வாளர்கள் சாயம் கலந்து பின்தொடர்ந்து பார்த்து, நீர் சராசரியாக 45 நாள் உள்ளே தங்குகிறது என்று 2019இல் வெளியிட்டார்கள். எந்தக் கால்வாய் எந்த ஊற்றுக்குப் போகிறது என்பதை ஊர்க்காரர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆய்வு அதற்கு ஓர் எண்ணைச் சேர்த்தது. அந்த எண் இருந்தால்தான் நகர நீர் நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கிறது என்பதால் இரண்டும் தேவைப்படுகின்றன.

எல்லைக்கோடு தெரியாத நீர்

2021 பிப்ரவரி 7 காலை, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் சேறும் பாறையுமாக ஒரு பெருவெள்ளம் இறங்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. பனியாற்று ஏரி உடைந்தது என்றுதான் முதலில் செய்திகள் வந்தன. அன்றே பல நாட்டு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் நிலஅதிர்வுப் பதிவுகளையும் மக்கள் கைப்பேசியில் எடுத்த காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 53 பேர் சேர்ந்து எழுதிய முடிவு சில மாதங்களிலேயே வெளியானது. ஏரி எதுவும் உடையவில்லை. சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் மலைமுகத்திலிருந்து பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே விழுந்து, பனி நொறுங்கி உருகிச் சேற்று வெள்ளமாக மாறியிருந்தது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் முடிவதில்லை. ஏரியைக் கண்காணிக்கலாம், வடித்துவிடலாம். பெயரப்போகும் பாறைமுகத்தை அப்படி வடிக்க முடியாது, அதன் பாதையில் எதைக் கட்டுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். இவ்வளவு விரைவாக விடை கிடைத்ததற்குக் காரணம், பனியாறு, நிலத்தடி உறைபனி சார்ந்த ஆபத்துகளைப் பற்றி முன்பே ஒருவரையொருவர் அறிந்து பேசிக்கொண்டிருந்த ஆய்வாளர் கூட்டம் ஒன்று இருந்ததுதான். ஆபத்து வந்த பிறகு கூட்டிச் சேர்க்க முடியாத உறவு அது.

ஆனால் வானிலிருந்து எடுத்த படம் யாருக்கும் கிடைக்கிறது, ஆற்றில் அளந்த நீர் கிடைப்பதில்லை. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரோட்டத் தரவை இந்தியா பொதுவெளியில் கொடுப்பதில்லை. பிரம்மபுத்திராவின் மேல்பகுதி வெள்ளத் தரவை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2002 முதல் இருந்தும், எல்லைப் பதற்றம் மூண்ட 2017இல் சீனா அதை அனுப்பவில்லை. 1981இல் திபெத்தில் உடைந்த ஒரு பனியாற்று ஏரி, எல்லை தாண்டி நேபாளத்தின் பாலத்தையும் நெடுஞ்சாலையையும் அடித்துப்போனது. கீழேயுள்ள நிலங்களுக்கு நீர் தரும் மலைப்பகுதிகளை நீர்த்தொட்டிகள் என்று எடுத்துக்கொண்டு, உலகில் அப்படிப்பட்ட 78ஐ ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, அதிக முக்கியத்துவமும் அதிக ஆபத்தும் ஒருங்கே கொண்டது சிந்துப் படுகை என்று கண்டது. நான்கு நாடுகளுக்குச் சொந்தமான, ஒருவரோடொருவர் தரவு பகிரத் தயங்கும் படுகை அது. அறிவியலாளர்கள் எவ்வளவு நட்பாக இருந்தாலும் இந்தப் பூட்டைத் தாங்களாகத் திறக்க முடியாது. அரசுகள் திறக்க வேண்டும்.

அரசுகள் ஏற்றுக்கொண்ட அளவுகோலிலேயே சிக்கல் வந்த கதையும் உண்டு. ஐ.நா.வின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் 15.4 என்ற எண்ணுள்ளது மலைச் சூழல்களைப் பற்றியது. அதன் முன்னேற்றத்தை அளக்க வைத்த குறியீடுகளில் ஒன்று, மலைகளில் எவ்வளவு பரப்பு பச்சையாக இருக்கிறது என்பது. பச்சை கூடினால் நல்லது என்ற எண்ணம். ஆனால் உயர்மலையில் பாறையும் பனியும் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை படர்ந்தால் அது வெப்பமாதலின் அடையாளம். இயல்பான புல்வெளியை அழித்துப் பைன் நட்டாலும் பச்சைதான். மலை ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார்கள். இப்போது அந்தக் குறியீட்டோடு, சீரழிந்த மலை நிலத்தின் பங்கு என்ற இன்னொரு கணக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் உலகத் தீர்மானங்களின் அளவுகோலைத் திருத்த முடிந்ததே பெரிய காரியம்.

இன்னும் சரியாகாதது ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வந்து, மாதிரிகளை எடுத்துக்கொண்டு, வழிகாட்டிய ஊர்க்காரரின் பெயரைக்கூட எழுதாமல், அவருக்குப் புரியாத மொழியில் முடிவை வெளியிட்டுவிட்டுப் போகும் வழக்கம் மலைகளில் நீண்ட காலம் இருந்தது, இன்னும் இருக்கிறது. தரவு எங்கோ ஒரு கணினியில், ஆய்வுக் காலம் முடிந்ததும் கருவி துருப்பிடித்து மலைமேல். மூன்று ஆண்டு நிதி, முப்பது ஆண்டு கேள்வி. அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க எந்தத் திட்டத்திலும் தனித் தலைப்பு இருப்பதில்லை. பல மலைகளில் நீண்ட பதிவு அறுந்துபோனதற்குக் காரணம் இவ்வளவு சாதாரணமானது.

ஐ.நா. 2023 முதல் 2027 வரையான ஐந்தாண்டுகளை மலைப் பகுதிகளின் மேம்பாட்டுக்கும், 2025 முதல் 2034 வரையான பத்தாண்டுகளைப் பனி சார்ந்த அறிவியலுக்கும் ஒதுக்கியிருக்கிறது. சரி, அறிவிப்புகள் வரட்டும். அந்தச் சம்பளத் தலைப்பும் அவற்றோடு வர வேண்டும்.

வெனிசுவேலாவின் மெரிடா மலைத்தொடரில் ஹும்போல்ட் பெயரிலேயே ஒரு சிகரம் இருக்கிறது. அதில் இருந்த பனியாறுதான் அந்நாட்டின் கடைசிப் பனியாறு. 2024இல் அது சுமார் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கி, இனிப் பனியாறு என்று சொல்லத் தகாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. மெரிடா நகரத்துப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள், நாட்டின் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த ஆண்டுகளிலும், அங்கே ஏறிப்போய்க்கொண்டிருந்தார்கள். பனி எந்தப் பகுதியை எந்த ஆண்டு வாக்கில் விட்டு விலகியது என்பது பழைய வரைபடங்களிலிருந்தும் புகைப்படங்களிலிருந்தும் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் வெற்றுப் பாறையில் முதலில் பாசியும் கற்பாசி எனப்படும் லைக்கன்களும், பிறகு புல்லும், பிறகு பூக்கும் செடிகளும் எந்த வரிசையில் வந்து சேருகின்றன என்று எழுதிவைக்கிறார்கள். இடம், உயரம், ஆண்டு எல்லாவற்றோடும்.